கடைமடைக்கு வரும் ஈ

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டதும் வேளாங்கண்ணியைச் சுற்றியுள்ள ஊர்களில் ராத்திரி விளக்கடியில் வந்து ஒட்டும் பூச்சிகள் பல. அவற்றில் ஒன்றைக் கொசு என்றே எண்ணித் தட்டிவிடுவோம். நீளம் மூன்று மில்லிமீட்டர், போனால் மூன்றரை. கால்கள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத நீளம். பெண்ணுக்கு வயிறு ஆரஞ்சும் சிவப்புமாகப் பருத்திருக்கும். ஆண் அதைவிடச் சிறியது, மங்கிய மஞ்சள் பழுப்பு. கடிக்காது, ரத்தம் குடிக்காது, வளர்ந்தபின் நெல்லைக்கூடத் தொடாது. இலையில் நிற்கும் பனித்துளியை உறிஞ்சிக்கொண்டு ஆண் ஓரிரு நாளிலும், பெண் மிஞ்சிப்போனால் ஐந்து நாளிலும் செத்துவிடும்.

இதுதான் ஆனைக்கொம்பன் ஈ. டெல்டாவில் நெல் போட்ட யாருக்கும் பெயர் தெரியும். ஈயைப் பார்த்தவர்கள் குறைவு. எல்லோரும் பார்ப்பது, அது பயிரில் வளர்த்துவிட்டுப் போன கொம்பை.

இந்தப் பூச்சியை எதிரி என்று மட்டும் பார்த்தால் பேச்சு மருந்துக்கடையோடு நின்றுவிடுகிறது. அது எங்கிருந்து, எந்த வழியாக, எந்த நாளில் வருகிறது என்று பின்தொடர்ந்தால், காவிரித் தண்ணீர் நம் ஊருக்கு வரும் வழியும், வராத நாட்களும், அக்கம்பக்கத்து வயல்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் விதைக்கிற வழக்கமும் கூடவே தெரியவருகின்றன. அதனால்தான் இதன் பயணத்தை முதலிலிருந்து எழுதத் தோன்றியது.

பயணம் தொடங்குவது நெற்சோகையின் அடிப்புறத்தில். பெண் ஈ ஒன்று நூறிலிருந்து இருநூறு முட்டை வரை இடும், சில சமயம் அதற்கு மேலும். தனித்தனியாகவோ, இரண்டு மூன்றாகவோ. அரை மில்லிமீட்டர் நீளத்தில், சிறு குழலாக, வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும் முட்டை, பொரிப்பதற்கு முன் பழுப்பேறும். மூன்று நாலு நாளில் பொரிந்துவிடும். ஆனால் காற்றில் ஈரம் இருந்தால்தான். வெயில் சுள்ளென்று அடித்து இலை காய்ந்தால் முட்டையும் காய்ந்துபோகும்.

பொரிந்து வரும் புழு ஒரு மில்லிமீட்டர் இருக்கும். அதற்குக் கால் கிடையாது. சோகையில் பிறந்த அது, தண்டின் அடியில், இலையுறைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிற குருத்தின் வளர்முனைக்குப் போய்ச் சேரவேண்டும். நமக்கு ஒரு சாண் தூரம். அதற்கு அரை நாள் வரை பிடிக்கும் பயணம். இலையின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் அதில் வழுக்கிக்கொண்டே இறங்கி, உறைக்கும் உறைக்கும் இடையில் புகுந்து, அடிவரை போய்விடும். படலம் இல்லையென்றால் வழியிலேயே உலர்ந்துவிடும். அடைமழை கொட்டி ஓய்வதைவிட, வானம் மூட்டமாக இருந்து நாள் முழுவதும் தூறிக்கொண்டே இருப்பதுதான் இந்தப் புழுவுக்குத் தோதான வானிலை. நாகப்பட்டினம் கடற்கரையில் ஐப்பசி கார்த்திகையில் அப்படிப்பட்ட நாட்களுக்குக் குறைவே இல்லை.

வளர்முனையைச் சேர்ந்தபின் அது எங்கும் போவதில்லை. அங்கேயே உட்கார்ந்து உறிஞ்சுகிறது. அதன் எச்சில் பட்டதும் நெற்பயிர் தன் வேலையை மறந்துவிடுகிறது. இலையாக விரிய வேண்டியது விரியாமல், உறையே மூடிய குழலாக நீண்டு, புழுவைச் சுற்றி ஒரு அறை கட்டிக்கொடுக்கிறது. பதினைந்து இருபது நாள் புழு அந்த அறைக்குள் தின்று மூன்று மில்லிமீட்டராகி, சிவந்து, அங்கேயே கூட்டுப்புழுவும் ஆகிறது. பொதுவாக ஒரு குழலுக்கு ஒரு புழுதான். அந்தத் தூரில் இனி கதிர் வராது.

வெளியே நிற்பவருக்கு இதெல்லாம் கடைசியில்தான் தெரியும். பச்சைக் குத்துக்கு நடுவே ஒரு தூர் மட்டும் வெளுத்து, வெள்ளிப் பளபளப்போடு, உருண்டையாக, நுனி கூம்பி நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் வெங்காயத்தாள் மாதிரி உள்ளே வெறும் குழல். நுனியில் மட்டும் பேருக்கு ஒரு குட்டிச் சோகை ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு கொம்பை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும். நுனிக்குச் சற்றுக் கீழே ஊசி குத்தியது போல ஒரு ஓட்டை இருக்கும். அதில் கண்ணாடி போன்ற ஒரு தோல் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நீட்டிக்கொண்டிருக்கும். கூட்டுப்புழுவின் முதுகில் பின்னோக்கிச் சாய்ந்த முட்கள் உண்டு. அவற்றை உள்சுவரில் ஊன்றி ஊன்றி, நெளிந்து நெளிந்து, குழலின் அடியிலிருந்து நுனிவரை அது ஏறுகிறது. தலையில் இருக்கும் முள்ளால் துளை போடுகிறது. பாதி உடம்பை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, இருட்டியபின் தோலைக் கிழித்துக்கொண்டு ஈயாகப் பறந்துவிடுகிறது. மறுநாள் காலையில் வயலுக்கு வருகிறவர் பார்ப்பது இந்தக் காலித்தோலை. முட்டையிலிருந்து இதுவரை ஏறக்குறைய மூன்று வாரம்.

அதற்குப் பிறகுதான் மருந்துக்கடை வாசலில் அந்தப் பேச்சு கேட்கும்.

“அண்ணே, வயல்ல கொம்பு விழுந்துட்டு. என்ன அடிக்கலாம்?”

“எத்தன நாளா தம்பி?”

“இன்னக்கித்தான் பாத்தேன்.”

இன்றைக்குப் பார்த்தது மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்தது. கொம்பாகிவிட்ட தூரை எந்த மருந்தும் கதிராக மாற்றாது. குழலுக்குள் இருக்கிற புழுவை மேலே தெளிக்கிற மருந்து பெரும்பாலும் தொடுவதும் இல்லை. வேர் வழியாகப் பயிருக்குள் போகும் மருந்தைச் சரியான நாளில் போட்டால் அடுத்த தலைமுறைப் புழு குறையும், அவ்வளவுதான். நூறு தூருக்குப் பத்துக் கொம்பு என்ற அளவைத் தொட்டால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்கிறது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. வயலில் இறங்கி எண்ணிப் பார்த்து முடிவெடுப்பவர் எத்தனை பேர்? வரப்பில் நின்று நாலு கொம்பைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. அந்த ஓட்டத்தை நான் குறை சொல்லவில்லை. கடன் வாங்கிப் போட்ட பயிர். பயம் இருக்கத்தான் செய்யும்.

ஈ எவ்வளவு தூரம் போகும்? தானாகப் பறந்து அதிக தூரம் போகிற வலு அந்த உடம்பில் கிடையாது. காற்று தூக்கிக்கொண்டு போனால் உண்டு. இதில் இன்னொரு விசித்திரமும் சேர்ந்திருக்கிறது. ஒரு தாய் ஈயின் பிள்ளைகள் பெரும்பாலும் எல்லாம் ஆணாகவே இருக்கும், இல்லாவிட்டால் எல்லாம் பெண்ணாகவே இருக்கும். பெண் ஈ ஒரே ஒரு முறைதான் இணை சேரும். ஆகவே வழிதவறித் தனியாக ஒரு புது வயலுக்கு வந்து விழுந்த ஒற்றைத் தாயால் அங்கே வம்சம் பெருக்க முடியாது. பக்கத்தில் இன்னொரு தாயின் பிள்ளைகள் இருந்தாக வேண்டும். இந்த ஈ ஊர் விட்டு ஊர் தாவுவதைவிட, வயல் விட்டு வயல், இளம்பயிர் விட்டு இளம்பயிர் என்று தொடர்ச்சியாக நகர்ந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இளம்பயிர் என்றால் தூர் கட்டுகிற பருவம். நாற்றங்காலில் தொடங்கி, பயிர் கதிர்க்கருவைப் பிடிக்கும் வரை. கரு பிடித்துவிட்டால் வளர்முனை இலை போடுவதை நிறுத்திவிடுகிறது. அதன்பின் வந்து சேரும் புழுவுக்குக் கொம்பு வளர்க்க வழியில்லை. ஒரு வயலில் இந்த ஈக்கு வேலை இருப்பது சில வாரங்கள்தான். அதற்குள் ஒரு தலைமுறை, மிஞ்சினால் இரண்டு. அப்புறம் வேறு இளம்பயிர் தேடிப் போயாக வேண்டும்.

அந்த வேறு இளம்பயிரை வைத்துக்கொண்டு காத்திருப்பது நாம்தான்.

அது எப்படி என்று தெரிய, தண்ணீர் வரும் வழியைப் பார்க்க வேண்டும். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறப்பது மரபு. 2020-இல் அந்தத் தேதியில் திறந்த தண்ணீர் ஜூன் 16-இல் கல்லணையிலிருந்து விடப்பட்டது. கல்லணையில் ஆறு காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிகிறது. வெண்ணாறு கிழக்கே வந்து, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் கோரையாறும் பாமணியாறும் பிரிய, இன்னும் பல கிளைகளாகச் சிதறிக் கடலை நோக்கி வருகிறது. அந்தக் கிளைகளில் ஒன்றான வெள்ளையாறு வேளாங்கண்ணி அருகே கடலில் கலக்கிறது. அணைக்கதவு திறந்த செய்தி தொலைக்காட்சியில் வந்த அன்றே தண்ணீர் வந்துவிட்டதாக ஊருக்குள் பேச்சு. கீழ்வேளூர், கீழையூர், தலைஞாயிறு வட்டார வாய்க்கால்களில் அது வந்து நிற்க எத்தனை நாள் ஆகும் என்பது மேலே எத்தனை பேர் மடையைத் திறந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஜூன் 12 என்ற தேதியும் நிலையாக இல்லை. 2022-இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்படித் தேதி ஆட ஆட, மேல்மடையில் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் ஒரு நாளில் நாற்று விடுகிறார். ஆற்றுப் பாசனத்தை நம்பியவர் இன்னொரு நாளில் விடுகிறார். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் குறுவை நிற்கும்போதே பக்கத்து வயலில் சம்பா நாற்றங்கால் பச்சை கட்டிவிடுகிறது. குறுவை அறுத்த வயலில் தாளடி இறங்குகிறது. ஈக்கு ஒரு வயலில் இருந்து இன்னொன்றுக்குப் போக இடைவெளியே இருப்பதில்லை. குறுவையில் வெயில் தாங்காமல் அது பெரிதாகத் தலைகாட்டாது. ஆனால் இருக்கும். ஐப்பசியில் மூட்டம் போட்டதும், மூன்று வாரத்துக்கு ஒரு தலைமுறை என்று பெருகத் தொடங்கிவிடும்.

கடைமடையில் கணக்கு வேறு. வேளாங்கண்ணி மாதா கோயிலில் ஆகஸ்ட் 29 அன்று கொடியேறும். அதை ஒட்டிக் காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள் சாலையின் இருபுறமும் பார்ப்பது பெரும்பாலும் புழுதி மண்ணைத்தான். ஆற்றை நம்பி நாற்று விட்டுக் காத்திருக்க முடியாமல் இங்கே பலர் புழுதியில் நேரடியாக விதை தெளித்துவிட்டு வானத்தைப் பார்க்கிறார்கள். ஒரு போகம்தான், சம்பா. திருவிழா முடிந்து, புரட்டாசி மழையில் முளைத்து, வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது பயிர் தூர் கட்டிக்கொண்டு நிற்கும். மேல்மடையில் பல தலைமுறை பெருகிய ஈக்கு, அங்கே பயிர் கதிர்க்கருவைத் தொட்டு இடம் மறுக்கிற நேரத்தில், இங்கே பச்சைப் பசேலென்று இளந்தூர். மழைக்கு விதைத்தவர், மழை பொய்த்து மறுபடி விதைத்தவர், வாய்க்கால் தண்ணீர் வந்தபின் நட்டவர் என்று மூன்று வயதுப் பயிர் ஒரே ஊரில் நின்றால், கடைசியாகப் பச்சை கட்டிய வயலில்தான் கொம்பு அதிகம் விழும். தண்ணீர் கடைசியாக வருகிற இடத்துக்கே பூச்சியின் பெருந்திரளும் கடைசியாக வந்து சேர்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது. அதற்குக் காரணம் விதியோ பாவமோ இல்லை. விதைக்கும் தேதி சிதறிப்போவதுதான்.

யூரியாவும் இதில் கூட்டு. சேர்த்துப் போட்டால் பயிர் கருகருவென்று வரும், தூர் மேல் தூர் வெடிக்கும். வரப்பில் போகிறவர் நின்று பார்த்துவிட்டுப் போவார். ஈயும் அதே பயிரைத்தான் விரும்புகிறது. தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுப்பதும், சாம்பல்சத்தை விட்டுவிடாமல் போடுவதும் செலவில்லாத தற்காப்பு.

இந்த ஈ உலகத்துக்கு அறிமுகமான இடம் காவிரி இல்லை, கங்கை. பீகாரின் முங்கேர் பகுதியில் நெல்லைத் தாக்கிய பூச்சி என்று 1881-இல் முதன்முதலாகப் பதிவானது. கல்கத்தா இந்தியன் மியூசியத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் வுட்-மேசன் 1889-இல் இதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார். பிறகு பேரினப் பெயர் மாறி மாறி, இப்போது ஓர்சியோலியா ஒரைசே என்று நிற்கிறது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், தாய்லாந்து, வியட்நாம், தென்சீனம், இந்தோனேசியா என்று ஆசிய நெல்வயல்களில் பரவலாக உண்டு. ஆப்பிரிக்காவில் நெல்லில் கொம்பு விழுந்தபோது இதே ஈதான் கடல் தாண்டி அங்கேயும் போய்விட்டது என்று வெகுகாலம் நினைத்தார்கள். 1982-இல் ஹாரிஸ், கன்யே என்ற இருவர் உற்று ஆராய்ந்து, அது ஆப்பிரிக்காவுக்கே உரிய தனி இனம் என்று நிறுவினார்கள். நம் ஈ அந்தப் பயணத்தை மேற்கொள்ளவே இல்லை.

நம் பக்கம் இதற்கு வாழ்வு வந்தது 1960களில். தஞ்சாவூர் ஜில்லாவில் பேக்கேஜ் திட்டம் வந்தது. 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆடுதுறை 27 என்ற ரகம் வந்தது. ஐ.ஆர். 8 வந்தது. ஒரு போகம் இரண்டானது, உரம் கூடியது, நிறைய தூர் கட்டும் குட்டை ரகங்கள் பரவின. நாட்டின் பசியாற்றிய மாற்றம் அது, அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் ஆண்டின் பெரும்பகுதிக்கு எங்காவது ஓரிடத்தில் இளந்தூர் நிற்கிற வயல்வெளியையும் அது உண்டாக்கியது. ஆனைக்கொம்பனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

எதிர்த்து நிற்கும் ரகங்களைத் தேடிய கதையில் வாரங்கல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே ஈசுரகோரா என்ற உள்ளூர் நெல்லின் தடுப்பாற்றலை எடுத்து டபிள்யூ 1263 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். தாய்லாந்தின் சயாம் 29 வழியாக வந்த ஆற்றல் பல்குணா போன்ற ரகங்களில் ஏறியது. தமிழ்நாட்டில் மதுரையின் எம்.டி.யூ. 3 அப்படிப்பட்ட ஒரு ரகம். எதிர்ப்புள்ள நெல்லிலும் முட்டை விழும், புழு இறங்கும், வளர்முனைவரை வந்தும் சேரும். அங்கேதான் செத்துப்போகும். சில ரகங்களில் புழு வாய் வைத்த இடத்துத் திசு உடனே கருகி, அதைப் பட்டினி போட்டுவிடுகிறது. ஆனால் ஒரு ரகத்தைப் பரப்பிச் சில ஆண்டுகள் ஆனால், அந்தத் தடுப்பைத் தாண்டத் தெரிந்த ஈக்கள் மிஞ்சிப் பெருகுகின்றன. இந்தியாவில் மட்டும் இப்படி ஏழு உயிர்வகைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஒரு மாவட்டத்தில் தாங்கிய ரகம் இன்னொரு மாவட்டத்தில் கொம்பாக நிற்பது இதனால்தான்.

இவ்வளவுக்கும் நடுவே ஈயின் கூடவே பயணம் செய்கிற இன்னொரு உயிர் உண்டு. பிளாட்டிகேஸ்டர் ஒரைசே என்ற கறுப்புக் குளவி. ஈயே சிறியது, இது அதிலும் சிறியது. ஈயிட்ட முட்டையைத் தேடிப்பிடித்து அதற்குள் தன் முட்டையை வைத்துவிடும். முட்டை பொரிந்து, புழு சோகையிலிருந்து இறங்கி, வளர்முனையில் உட்கார்ந்து, கொம்பும் கட்டிக்கொள்ளும். குளவி உள்ளிருந்து அவ்வளவையும் நடக்கவிடும். குளவி வைத்த அந்த ஒரே முட்டை பிளந்து பிளந்து பல குளவிப் புழுக்களாகும். கொம்பைக் கீறிப் பார்க்கும்போது உள்ளே ஈயின் புழு இருக்க வேண்டிய இடத்தில், அதன் தோலுக்குள்ளேயே சின்னச் சின்னக் கூடுகள் நெருக்கியடித்து அடைந்திருந்தால், அது குளவி பிடித்த கொம்பு. சம்பா முதிர முதிர இப்படிப்பட்ட கொம்புகள் கூடிக்கொண்டே போகும். கண்மூடித்தனமாக மருந்து அடித்த வயலில் முதலில் அழிவது இந்தக் குளவிதான்.

குளவி பிடித்த கொம்புகளைப் பறித்து, நட்டு பத்து நாளான வயலில் பத்துச் சதுர மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் போட்டுவைக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். காசு கொடுத்து வாங்க வேண்டியது இல்லை. மேல்மடையில் முதிர்ந்த வயலிலிருந்து ஒரு பை நிறையக் கொண்டுவந்து கடைமடையில் இறக்கினால் போதும். இதைச் செய்கிற ஊர்கள் மிகக் குறைவு. யாராவது ஒருவர் சொல்லிக்கொடுத்து, கொம்பைக் கீறிக் காட்டி, இது ஈயின் கூடு, இது குளவியின் கூடு என்று கண்ணுக்குப் பழக்க வேண்டும். ஒரு காலைப்பொழுது வேலை. கருங்கண்ணியிலோ திருப்பூண்டியிலோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வயலில் இறக்கினால் பெரியவர்களைவிட வேகமாகப் பிரித்துவிடுவார்கள்.

தை பிறந்து சம்பா அறுப்பு நெருங்கும்போது, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளிப்பது இங்கே வழக்கம். அறுத்தபின் மிச்ச ஈரத்தில் பயறு வளர்ந்து, வயல் காய்ந்துவிடும். ஈக்கு அங்கே இடமில்லை. வாய்க்கால் ஓரத்துக் காட்டுநெல்லிலும், தண்ணீர் வடியாத பள்ளங்களில் அடித்தாளிலிருந்து கிளம்பும் மறுதாம்பிலும் போய் ஒண்டிக்கொள்ளும். அவற்றின் மொட்டு வளராமல் கிடக்கிறவரை அதற்குள் இருக்கும் புழுவும் வளராமல் கிடக்கும். அடுத்த ஈரம் பட்டு மொட்டு கிளம்பும்போதுதான் அதுவும் கிளம்பும். பயறு போட முடியாத அந்தப் பள்ளக்காலை மாசியிலேயே மடக்கி உழுதுவிட வேண்டும். பக்கத்து வயல்காரர் உழவில்லையென்றால், உழவு மாட்டோடோ டிராக்டரோடோ வந்த கையோடு அவரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வரும் சம்பாவுக்கு அவர் எந்த வாரம் தெளிக்கப்போகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.